அனலில் இனிக்கும் அன்னாசி

பிரேசிலின் சுரஸ்காரியா விருந்தகங்களில் சுட்ட இறைச்சி நாம் உட்கார்ந்த இடத்துக்கே வரும். பரிமாறுகிறவர் வாள் நீளக் கம்பியில் கோத்த இறைச்சியோடு மேசை மேசையாக நின்று, தட்டிலேயே சீவிப் போடுவார். போதும் என்று சொல்லும்வரை கம்பிகள் ஒன்று மாற்றி ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். மாட்டுக்கறி, கோழி, தொத்திறைச்சி என்று சுற்று போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு கம்பியில் முழு அன்னாசி வந்து நிற்கும். தோல் சீவி, சர்க்கரையும் பட்டைத்தூளும் புரட்டி, அனலில் சுழலவிட்ட பழம். மேல்பக்கம் செம்பழுப்பாகப் பளபளக்கும். ஓரங்களில் அங்கங்கே கருப்பு ஏறியிருக்கும். மெல்லிய சீவலாக இறக்கித் தட்டில் போட்டதும் கம்பி மறுபடி அடுப்புக்குப் போகும். இதுவரை உள்ளே இருந்த மஞ்சள் சதை இப்போது வெளிப்பக்கம். சர்க்கரை பூசி, அதுவும் அடுத்த சுற்றுக்குள் சிவந்துவிடும்.

கொழுப்பு ஊறிய இறைச்சிக்குப் பிறகு அந்தச் சூடான, புளிப்பும் இனிப்புமான சீவல் வாயின் பிசுக்கை எடுத்துவிடும். விருந்தின் கடைசியில் வரும் பண்டமாக அதை அங்கே வைப்பதில்லை. சாப்பாட்டின் நடுவிலேயே, கறியோடு கறியாக, அதற்கு இடம் உண்டு.

மெக்சிகோவில் வேறொரு வழி. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த, செங்குத்துக் கம்பியில் சுழலும் இறைச்சி அங்கே மிளகாய் விழுதில் ஊறிய பன்றிக்கறியாக மாறி ‘அல் பாஸ்தோர்’ டாக்கோ ஆனது. அந்தக் கம்பியின் உச்சியில் ஒரு அன்னாசியைச் செருகி வைப்பார்கள். பக்கவாட்டில் எரியும் நெருப்பில் கீழே இறைச்சி வேக, மேலே பழம் வாடி வதங்கும். கைதேர்ந்த கடைக்காரர் கத்தியின் ஒரே வீச்சில் அன்னாசிச் சில்லைப் பறக்கவிட்டு, மறு கையிலிருக்கும் டாக்கோவில் ஏந்திப் பிடிப்பார். பழம், நெருப்பு, மிளகாய் மூன்றும் ஒரே கவளத்தில் சேர்ந்துவிடும்.

அன்னாசியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை. 1493ல் கொலம்பஸின் கப்பல்கள் குவாடலூப் தீவில் ஒதுங்கியபோது ஐரோப்பியர் முதன்முதலாக அன்னாசியைக் கண்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இரண்டுமே நம் கரைக்கு வந்தன. முகலாய அரசர் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புகளில் அன்னாசியைப் பரங்கியர் துறைமுகங்களிலிருந்து வரும் பழம் என்று எழுதுகிறார். ஆக்ராவில் தன் குல் அஃப்ஷான் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் காய்ப்பதாகவும் சொல்கிறார். வந்த இடத்தில் இரண்டும் சீக்கிரமே சேர்ந்துகொண்டன. உடுப்பி, மங்களூர் பக்கத்து விருந்துகளில் எள், வற்றல் மிளகாய், வெல்லம் சேர்த்துக் கொதிக்கும் அன்னாசி மெணசக்காய். கேரளத்து ஓணச் சாப்பாட்டில் அன்னாசிப் பச்சடி. நம் கல்யாணப் பந்தியில் அன்னாசி ரசம். கொழும்பு காலிமுகத்திடலில் மிளகாய்த்தூளும் உப்பும் சர்க்கரையும் புரண்ட அன்னாசி அச்சாறு. பஸ் ஸ்டாண்டு வாசலில் தள்ளுவண்டிக்காரர் மிளகாய்ப்பொடி தூவி நீட்டும் வட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவும் செய்த நாம் அதைத் தணலில் வாட்ட மட்டும் பழகவில்லை. வடநாட்டு உணவகங்களில் தந்தூரி அன்னாசி கிடைக்கிறது. வீட்டுக்கும் தெருவுக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

மெரினாவில் சோளக்கதிர் வண்டியைப் பாருங்கள். இரும்புச் சட்டியில் கரி கனிந்திருக்கும். மேலே கம்பி வலை. கையில் விசிறி. பக்கத்துக் கிண்ணத்தில் மிளகாய்த்தூளும் உப்பும் கலந்து வைத்திருப்பார்கள். அரைமூடி எலுமிச்சையை அதில் ஒற்றி, சுட்ட கதிரில் மேலும் கீழுமாகத் தேய்ப்பார்கள். சாறு பிழிந்தபடியே தூள் ஏறும். பழத்தைச் சுட இதைவிடப் பொருத்தமான அடுப்பும், இதைவிடப் பொருத்தமான கைப்பக்குவமும் கிடையாது. கொஞ்சம் தள்ளி இன்னொரு வண்டியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அன்னாசி வட்டங்கள் அடுக்கியிருக்கும். இரண்டு வண்டிக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இருக்காது. அந்தப் பத்தடியைக் கடந்துவிடலாம் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

செடியோடு நின்றுபோகும் இனிப்பு

அன்னாசியைச் சுடுவது புதுமோஸ்தர் என்று பலர் நினைக்கிறார்கள். நம் கைக்கு வரும் அன்னாசிக்கு அதுதான் சரியான மருந்து என்பது என் கட்சி. காரணம் பழத்தின் உடம்பிலேயே இருக்கிறது.

மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். வாழைத்தாரை வெட்டித் தொங்கவிட்டாலும் பழுக்கும். இரண்டும் காயிலேயே மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருப்பதால், பறித்த பிறகும் அது சர்க்கரையாக மாறிக்கொண்டே போகும். அன்னாசியில் அப்படிப்பட்ட சேமிப்பு இல்லை. செடி அனுப்பும் சர்க்கரைதான் அதன் இனிப்பு. வெட்டிய கணத்தில் அந்த வரத்து நின்றுவிடும். வீட்டுக்கு வந்தபின் தோல் மஞ்சளாகலாம், வாசம் கூடலாம், சதை இளகலாம். இனிப்பு மட்டும் ஒரு துளியும் ஏறாது.

எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளம் அன்னாசிக்கு 2009ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொரீஷியஸ் ரகம், சின்ன உடம்பு, நல்ல மணம். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே பழுக்கவிட்டு வெட்டியதைச் சாப்பிட்டவர்கள் அதைச் சுட வேண்டும் என்று நினைக்க மாட்டார்கள்; நானும் சொல்ல மாட்டேன். கொல்லிமலையில் சாலையோரம் வாங்கி அங்கேயே வெட்டித் தின்னும் பழத்துக்கும் அதே மரியாதை. ஆனால் தூரத்துச் சந்தைக்குப் போகிற பழத்தை, லாரியில் நசுங்காமல் இருக்க வேண்டும் என்பதால், முழுதாகப் பழுக்கும் முன்பே வெட்டிவிடுவார்கள். நகரத்துக் கடையில் நாம் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்கி வருவது பெரும்பாலும் அந்தப் பழம்தான். வெட்டினால் பளிச்சென்று மஞ்சள். கடித்தால் புளிப்பு பல்லைக் கூசவைக்கும், நாக்கு அரிக்கும். அப்புறம் நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: மிக்ஸியில் போட்டு, சர்க்கரையை அள்ளிக் கொட்டி, ஜூஸ்.

இந்தப் பழத்தை மீட்டெடுக்க நெருப்பால் முடியும்.

நெருப்பு என்ன செய்கிறது?

அன்னாசியில் நூற்றுக்கு 86 பங்கு தண்ணீர். சர்க்கரை பத்துப் பங்கு அளவில். துண்டைச் சூடான கம்பி வலையில் வைத்ததும் ஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்கும். மேற்பரப்புத் தண்ணீர் ஆவியாகும் சத்தம் அது. தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதுவரை பழம் வேகுமே தவிர சிவக்காது. ஈரம் வற்றிய பிறகுதான் ஆட்டம் ஆரம்பம். பழத்தின் ஃப்ரக்டோஸ் 110 டிகிரியிலேயே பழுப்பாகத் தொடங்கும். சுக்ரோஸுக்கு 160 டிகிரி வரை போக வேண்டும். கனிந்த கரியின் மேற்பரப்பு 600 டிகிரிக்கும் மேலே இருப்பதால் இந்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். உள்ளே சாறு நிற்கும். வெளியே தண்ணீர் குறைந்து இனிப்பு அடர்ந்த, கசப்பு லேசாகத் தொட்ட ஒரு தோல் படியும். ஒரே துண்டில் இரண்டு பழம் தின்பதுபோல.

நாக்கு அரிப்புக்கும் இதில் விடை உண்டு. அன்னாசியில் புரோமலின் என்கிற நொதிகள் இருக்கின்றன, புரதத்தை உடைப்பவை. பச்சை அன்னாசியோடு ஜெலட்டின் சேர்த்தால் கட்டியாகாமல் தண்ணீராகவே நிற்பதற்கு அவைதான் காரணம். நாக்கின் மெல்லிய மேற்பரப்பையும் அவை விடுவதில்லை. ஆனால் சூடு பட்டால், தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு முன்னாலேயே அவை செத்துவிடும். அன்னாசி என்றாலே வாய் புண்ணாகிறது என்று ஒதுங்கிய வீட்டுப் பெரியவர்கள் உள்வரை வெந்த துண்டை நிம்மதியாகச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, சூடு என்பதே இனிப்பைக் கூட்டிக் காட்டும். நாக்கின் சுவை அணுக்களில் இனிப்பு உணர்வைக் கடத்தும் டிஆர்பிஎம்5 என்கிற வாயில், வெப்பம் ஏற ஏற அகலமாகத் திறக்கிறது என்று பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ்கிரீம் அளவாக இனித்து, உருகி நின்றபின் திகட்டுவது இதனால்தான். ஃபிரிட்ஜில் வைத்த அன்னாசி புளிப்பாகவும், அதே பழம் அனலிலிருந்து இறங்கியதும் இனிப்பாகவும் தெரிவதில் இதற்கும் பங்கு உண்டு.

ஆக, நெருப்பு புளிப்பைத் தணித்து இனிப்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. இங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். மேலே தேனை ஊற்றி, ஐஸ்கிரீம் உருண்டையை வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் வாய் பிரமாதமாக இருக்கும். மூன்றாவது வாயில் திகட்டும். பச்சைப் பழத்தில் இருந்த கூர்மையை நெருப்பு எடுத்துவிட்டது; அதை யாராவது திருப்பித் தர வேண்டும். மிளகாய், உப்பு, எலுமிச்சை மூன்றுக்கும் அதுதான் வேலை.

மிளகாயின் காரம் சுவை அல்ல, சூட்டின் உணர்வு. டேவிட் ஜூலியஸ் 1997ல் கண்டுபிடித்துச் சொன்ன டிஆர்பிவி1 என்கிற உணர்வி, 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்துக்கும் மிளகாயின் கேப்சைசினுக்கும் ஒரேபோல எழுந்து நிற்கும். அந்த வேலைக்காக 2021ல் அர்டெம் பட்டபூட்டியனோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எனவே சூடான பழத்தில் தூவிய மிளகாய் ஆறிய பழத்தில் தூவியதைவிடத் தூக்கலாகத் தெரியும். பச்சை அன்னாசிக்குப் போடும் அளவில் பாதி போதும். இனிப்பு காரத்தை அடக்கும், காரம் இனிப்பைத் திகட்டவிடாது. ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்தும்.

உப்பைத்தான் பலர் மறந்துபோகிறார்கள். உப்பு கசப்பை அமுக்கி, அதன் கீழே மறைந்திருந்த இனிப்பை மேலே வரவிடுகிறது என்று பிலடெல்பியாவின் மோனெல் மையத்தின் பிரெஸ்லினும் பியூசாம்பும் 1997ல் காட்டினார்கள். சுட்ட பழத்தின் கருகிய ஓரத்தில் கசப்பு இருக்கும். உப்பு இல்லாவிட்டால் அது கசப்பாகவே நிற்கும். ஒரு சிட்டிகை விழுந்தால் காபியின் கசப்பைப் போல விரும்பத்தக்கதாகிவிடும்.

தூளின் கணக்கு

மெக்சிகோவில் பழத்துக்குத் தூவும் பொடி பெரிய தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. 1985ல் ஹலிஸ்கோ மாநிலத்தில் ஹொராசியோ ஃபெர்னாண்டஸ் தொடங்கிய தஹீன் நிறுவனம் மிளகாய், உப்பு, உலர்த்திய எலுமிச்சைச் சாறு மூன்றையும் ஒரே புட்டியில் அடைத்து விற்றது. இன்று நம் ஊர் சூப்பர் மார்க்கெட் அலமாரியிலும் அது இருக்கிறது. தாய்லாந்தில் மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் அன்னாசிக்கும் தொட்டுக்கொள்ள மிளகாய், உப்பு, சர்க்கரை மூன்றையும் இடித்துத் தருகிறார்கள்.

நமக்கு அந்தப் புட்டி தேவையில்லை. கருப்பட்டி இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரை இனிப்பை மட்டும் தரும். கருப்பட்டி புகையையும் லேசான உவர்ப்பையும் சேர்த்துத் தரும், கரி அடுப்புக்கு அது சொந்தக்காரன். மிளகாய்க்கு ராமநாதபுரம் முண்டு. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் குண்டு மிளகாயைக் காம்பு நீக்கி, வெறும் வாணலியில் தோல் முறுகும்வரை வறுத்து, உரலில் கரகரப்பாக இடித்தால் வரும் வாசம் பாக்கெட் தூளில் வராது. நைசாக அரைக்க வேண்டாம். பல்லில் படும் சிறு துணுக்குகள்தான் இதன் அழகு.

ஒரு நடுத்தர அன்னாசிக்கு என் அளவு: இடித்த மிளகாய் ஒரு டீஸ்பூன், கல்லுப்பைப் பொடித்து அரை டீஸ்பூன், சுக்குப்பொடி கால் டீஸ்பூன், நாலைந்து மிளகு நசுக்கியது. கருப்பட்டியை இதில் கலக்காமல் தனியாகப் பாகு வைக்க வேண்டும். மூன்று மேசைக்கரண்டி கருப்பட்டித் தூளை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டி (கருப்பட்டியில் மண் இல்லாமல் இருக்காது), மறுபடி கொதிக்கவிட்டு, தேன் பதம் வரும்போது ஒரு டீஸ்பூன் நெய்யும் மிளகாயில் ஒரு சிட்டிகையும் சேர்த்து இறக்கிவிடலாம். காரம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். நெய்யோடு போனால் துண்டு முழுவதும் சீராகப் பரவும்.

சாட் மசாலா போடலாமா என்று கேட்பார்கள். போடலாம்; ஆனால் அதிலுள்ள கருப்பு உப்பின் வாடை அன்னாசியின் மணத்தை விழுங்கிவிடும். பட்டைத்தூள் பிரேசிலில் பொருந்தும், கறிக்கு நடுவில் வருவதால். தனியாகச் சாப்பிடும்போது அது பேக்கரி வாசத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. சுக்கு அப்படிச் செய்யாது.

அடுப்படியில்

கொண்டையையும் அடியையும் வெட்டிப் பழத்தை நிமிர்த்தி வைத்து, மேலிருந்து கீழாகத் தோலைச் சீவுங்கள். கண்கள் நேர்வரிசையில் இருப்பதில்லை, சாய்ந்து சுற்றிப்போகும். அந்தச் சாய்விலேயே கத்தியை வி வடிவில் ஓட்டினால் கண்களும் போகும், சதையும் வீணாகாது. விரல் தடிமனுக்கு வட்டம் போட்டு, நடுத்தண்டை எடுக்காமல் இரண்டாகப் பிளந்துகொள்ளலாம். தண்டு இருந்தால் துண்டு உடையாது. பிடித்துக் கடிக்கவும் வாகு.

அடுத்தது துணியில் ஒற்றுவது. பெரும்பாலோர் தாண்டிப்போகும் படி இது. ஈரத்தோடு வைத்தால் பழம் தன் ஆவியிலேயே வெந்து தொளதொளத்துப் போகும்; நிறம் வராது. நன்றாக ஒற்றி, தேங்காய் எண்ணெயை விரலால் தடவினாற்போல் பூசினால் போதும்.

கரி முழுதும் சாம்பல் பூத்த பிறகுதான் துண்டுகள் அடுப்பேற வேண்டும். சுடர் விடும்போது வைத்தால் கரியே படியும். வலை முதலில் காய்ந்திருந்தால் ஒட்டாது. வைத்தபின் மூன்று நாலு நிமிடம் கை வைக்கக் கூடாது. அடிப்பக்கம் சிவந்ததும் துண்டு தானாகவே வலையை விட்டு நகரும். நகர மறுத்தால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் சிவந்த பிறகுதான் பாகைத் தொட வேண்டும். முதலிலேயே பூசினால் பழம் வேகும் முன் வெல்லம் கருகிக் கைத்துவிடும். பாகு தடவி, பக்கத்துக்கு அரை நிமிடம். கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, துண்டின் மேல் கண்ணாடியாக இறுகும். அப்போதே இறக்கி, அரைமூடி எலுமிச்சையை மிளகாய் உப்பில் ஒற்றி, சோளக்கதிருக்குத் தேய்ப்பதுபோலவே தேய்க்க வேண்டியதுதான். மிளகாயைத் தணலின் மேல் தூவினால் தெருவே இருமும்.

மொட்டை மாடியோ முற்றமோ இல்லாமல் கரியை மூட்டாதீர்கள். மூடிய சமையலறையில் கரி அடுப்பு உயிருக்கு ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. அடுக்குமாடிக்காரர்களுக்கு இரும்பு தோசைக்கல் இருக்கிறது. புகை வாசம் வராது. சிவப்பும் இனிப்பும் அப்படியே வரும். கல்லைப் புகை கிளம்பும்வரை காயவிட்டு, ஒரு தடவைக்கு நாலு துண்டுக்கு மேல் போடாமல் இருந்தால் போதும். நான்ஸ்டிக் இந்தச் சூட்டுக்கு ஆகாது.

அன்னாசியில் கை பழகியபின் மற்றப் பழங்களுக்குப் போகலாம். இந்தோனேசியாவின் மகாசரில் வாழைப்பழத்தைக் கரியில் சுட்டு, பலகைகளுக்கு நடுவே அழுத்தித் தட்டையாக்கி, பனைவெல்லப் பாகு ஊற்றித் தருகிறார்கள். பிசாங் எப்பே என்று பெயர். நைஜீரியாவில் நேந்திரன் வகை வாழையைச் சுட்டு மிளகாய்க் குழம்போடு தின்கிறார்கள். நம் நேந்திரன் இரண்டுக்கும் ஒத்துவரும். கரும்புள்ளி விழுந்த பழமாகப் பார்த்துத் தோலோடு நீளவாக்கில் பிளந்து, சதைப்பக்கம் முதலில் அனலுக்குக் காட்ட வேண்டும். பூவனும் கற்பூரவள்ளியும் குழைந்துபோகும். மாம்பழத்தில் பங்கனப்பள்ளி கைகொடுக்கும், அழுத்தினால் லேசாக அமுங்கும் பக்குவத்தில். இமாம்பசந்தை அடுப்பில் வைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஆயக்குடி கொய்யாவைச் செங்காயாக வாங்கி நாலாகக் கீறிச் சுட்டால் விதைப்பகுதி அல்வா பதத்துக்கு வரும். கொடைக்கானல் பேரிக்காய், இனிப்பே இல்லை என்று நாம் ஒதுக்கும் அந்தக் கடினமான காய், தணலில் வேறு பிறவி எடுக்கும். அதற்கு மிளகாயைவிட மிளகு பொருந்தும். தர்பூசணியில் தண்ணீர் அதிகம் என்பதால் நல்ல அனல் வேண்டும். ஒரு பக்கம் சுட்டாலே போதும்.

சுட்ட அன்னாசி சூட்டோடு தீர்ந்துவிட வேண்டிய பண்டம். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் அப்படியே தின்னப் பார்க்க வேண்டாம். பாகு கசிந்து துண்டு தளர்ந்திருக்கும். பொடியாக நறுக்கி, வழிந்த பாகையும் சேர்த்து, பருப்புத் தண்ணீரில் போட்டு ரசம் வையுங்கள். புளியைப் பாதியாகக் குறைத்து, நுரை கூடும்போது இறக்கி, நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் போதும். மிளகாயும் வெல்லமும் ஏற்கெனவே பழத்தில் இருக்கின்றன. உப்பை மட்டும் ருசி பார்த்துப் போடுங்கள்.